நுரைக்குக் கட்டம் இல்லாத நோட்டு

அரசாங்க ஆராய்ச்சிக்காக என் கையில் கொடுத்த நோட்டில் பக்கத்துக்கு ஆறு கட்டங்கள் போட்டிருந்தார்கள். தேதி, காற்று, தண்ணீரின் உப்பு டிகிரி, தண்ணீரின் நிறம், ஆழம், மழை. தினமும் காலையில் அந்த ஆறையும் நிரப்ப வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். அதற்காகத்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஏழாவதாக ஒரு கட்டம் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு சில மாதங்களுக்கு, மரக்காணத்தில் எந்த ஜீப் வந்தாலும் அது நிவாரண ஜீப் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். உப்பளத்தில் கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை வாரிக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். முப்பது வயது இருக்கும் ஒரு பெண் இறங்கினார். கையில் பிளாஸ்டிக் கேன். பெண்கள் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு அவரைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"மேடம், எங்க வூட்டு பேரு லிஸ்ட்ல வுட்டுப்போச்சு மேடம்."

"நான் அதுக்கு வரலங்க," என்றார் அவர். "தண்ணில பூச்சி விட வந்திருக்கேன்."

நீட்டிய கார்டுகள் மெல்ல இறங்கின. பிறகு எங்கள் மேஸ்திரிதான், "பூச்சியா? இருக்கற பூச்சி பத்தலியா மேடம்?" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேடமும் சிரித்துவிட்டார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

அவர் விளக்கிச் சொன்னார். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணைகள் இருக்கின்றன. அந்தக் குஞ்சுகளுக்குப் பொரித்த உடனே தீனியாக இந்தப் பூச்சியின் குட்டிகளைத்தான் போடுகிறார்கள். பூச்சியின் முட்டை வெளிநாட்டிலிருந்து டின்னில் வருகிறது. உப்பு மிகுந்த தண்ணீரில்தான் அது வாழும். எங்கள் உப்பளத் தண்ணீரில் விட்டால் இங்கேயே முட்டை போடுமா என்று பார்க்க வேண்டும். அதுதான் ஆராய்ச்சி.

"போடுமா மேடம்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"தெரியாதுங்க. போட்டாலும் போடலாம், போடாமயும் போகலாம். அதைத் தெரிஞ்சுக்கத்தான் கவர்மெண்ட் காசு குடுக்குது."

எனக்கு அந்தப் பதில் நேர்மையாகப் பட்டது. வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவளுடைய அக்காள் குடும்பம் அப்போது கூனிமேட்டுப் பக்கம் தார்ப்பாய்க் கொட்டகையில் கிடந்தது.

"தலைக்கு மேல கூர இல்லாம ஜனங்க கெடக்குது. பூச்சி முட்ட போடுமான்னு பாக்க காசு குடுக்கறானுங்களா? அந்தக் காச இங்க குடுத்தா இன்னா?"

இதற்கு இன்றைக்கும் என்னிடம் அரைப் பதில்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்த அரைப் பதிலையும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. ஐப்பசி பிறந்தால் அளம் ஏரியாகிவிடும். பொங்கல் கழிந்து தண்ணீர் வடியும் வரை எங்களுக்கு வேலை இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் நான் சென்னைக்குப் போய், ஆள் எடுக்கும் தெருமுனையில் விடியற்காலையில் நிற்பேன். மேஸ்திரிமார் வந்து கூட்டத்தைப் பார்த்துக் கை காட்டுவார்கள். முன்னால் தள்ளிக்கொண்டு போய், "நான் வர்றேங்க, என்னக் கூப்டுங்க" என்று சொல்லத் தெரிந்தவனுக்கு வேலை. எனக்கு அது வராது. பத்து மணி வரை நின்றுவிட்டு, டீ குடித்துவிட்டு, படுக்கும் இடத்துக்குத் திரும்பிய நாட்கள் நிறைய. ஆராய்ச்சி இரண்டாம் ஆண்டுக்கும் நடந்தால் அளத்துக் காவலும் நோட்டும் மழையிலும் எனக்கு இருக்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். அந்தத் தெருமுனையில் நிற்க வேண்டியதில்லை. இவ்வளவுதான் என் ஆசை. மேடத்தின் வேலையும் அதே நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "இது நின்னா நானும் வீட்டுக்குத்தாண்ணா போகணும்," என்று ஒருநாள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

கழுவெளி ஏரி ஓரத்தில் கடைசியாக இருந்த ஒரு தேக்கத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். தேக்கம் என்றால், கடல் தண்ணீரைத் தேக்கிக் காயவிட்டு, டிகிரி ஏறியதும் உப்பு விளையும் பாத்திகளுக்குத் திறந்துவிடுவோம். பங்குனியில் கேனைத் திறந்து தேக்கத்தில் ஊற்றினார். வெறும் தண்ணீர்போல்தான் இருந்தது. மூன்று வாரத்தில் அரிசி நீளத்துக்குச் செம்மண் நிறத்தில் ஆயிரக்கணக்கில் மல்லாக்கப் படுத்து நீந்தின. என் மச்சான், மனைவியின் தம்பி, அடுத்த பாத்தியில் உப்பு வாரிக்கொண்டே கத்துவான்.

"இன்னா மாமா, பூச்சிங்களுக்கு இன்னிக்கு ஸ்கூல் லீவா? வரிசையா நிக்க வெச்சி பேரு கூப்டியா?"

ஊர் முழுக்க நான் பூச்சி மேய்க்கிறவன் ஆனேன். டீக்கடையில்கூட, "பூச்சிக்கு ஒரு டீ போடு," என்பார்கள்.

மேடம் பாண்டிச்சேரியிலிருந்து வாரம் ஒருமுறை பஸ்ஸில் வருவார். அளத்துக்கு வந்துசேர மணி பத்தாகிவிடும். சின்ன வலையால் அரித்து, பூதக்கண்ணாடி வில்லையால் பார்ப்பார். பார்த்துவிட்டு உதட்டைக் கடிப்பார்.

"குஞ்சாத்தான் போடுதுண்ணா. முட்டையா போட மாட்டேங்குது. டிகிரி பத்தல போல."

டிகிரி ஏற்றினோம். வாய்க்காலை அடைத்தேன். சேற்றில் முழங்காலளவு நின்று வரப்பை உயர்த்தினேன். அடுத்த வாரம் வந்து பார்த்தார். முட்டை மிதக்கவில்லை. கோழி எருவைக் கொஞ்சம் கரைத்துவிடச் சொன்னார். கரைத்தேன். மிதக்கவில்லை. தண்ணீரைக் குறைத்தோம், கூட்டினோம். ஆனி போயிற்று, ஆடி போயிற்று. முட்டை எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். நான் கேள்வி கேட்பதே அபூர்வம். "ஒண்ணு ஒண்ணா பாத்தா கண்ணுக்கே தெரியாதுண்ணா," என்றார். கண்ணுக்கே தெரியாததை நான் எங்கே தேடுவது என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் நுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மத்தியானம் கடல் காற்று எழும்பினால் தேக்கத்துத் தண்ணீரில் உள்ள தூசி, பாசி, நுரை எல்லாம் வடமேற்கு மூலையில் போய் ஒதுங்கும். காலையில் பார்த்தால் பழுப்பாக ஏடு கட்டியிருக்கும். அதை அப்படியே விட்டால் மதகு வழியாகப் பாத்திக்குப் போய் உப்பு கலங்கிவிடும். கலங்கிய உப்பை வியாபாரி தொடமாட்டான். அதனால் எங்கள் அளங்களில் காலையில் முதலில் இறங்குகிறவன் பழைய வேட்டித் துண்டை இரண்டு கழியில் கட்டி அந்த ஏட்டை வழித்து வரப்பு மேல் எறிவான். பிறகுதான் மற்ற வேலை. இதை யாரும் வேலை என்று சொல்லமாட்டார்கள். எழுந்ததும் முகம் கழுவுவதுபோல. மேடத்துக்குக் கொடுத்த தேக்கத்திலிருந்து அந்த ஆண்டு நாங்கள் பாத்திக்குத் தண்ணீர் விடவில்லை. அங்கே நுரை எடுக்கத் தேவையே இல்லை. இருந்தாலும் அழுக்காகக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என் கைக்குத் தெரியாது. ஆறு மணிக்கு வழித்துவிடுவேன். மற்றத் தேக்கங்களைவிட அங்கே நுரை அதிகமாக இருந்தது. பூச்சி இருக்கிறது, அழுக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அக்கறையாக வழித்தேன். பிறகு கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்து ஆறு கட்டங்களையும் நிரப்புவேன். நிறம் என்ற கட்டத்தில், "தெளிவு" என்று அழகாக எழுதுவேன்.

புரட்டாசியில் குழு வரப்போவதாக மேடம் சொன்னார். மூன்று பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்குப் பணம் கொடுக்கலாமா என்று எழுதுவார்கள். அன்றைக்கு நான் ஐந்தரைக்கே அளத்துக்குப் போய்விட்டேன். மூலையில் நுரை கையளவு தடிமனாகக் கிடந்தது. பெரியவர்கள் வரும்போது இப்படியா இருப்பது? மூன்று தரம் வழித்தேன். நான்காவது தரம் வெறும் துணியால் தண்ணீரின் மேல் தடவினேன். கண்ணாடிபோல் ஆயிற்று. மேடம் வந்து பார்த்துவிட்டு, "தண்ணி எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்கண்ணா," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

குழுவில் இருவர் காரிலிருந்து இறங்கி வரப்பில் நடந்தார்கள். மூன்றாமவர் செருப்பில் சேறு படும் என்று கொஞ்சம் பின்னால் நின்றார். அவர்தான் தலைவர். மேடம் காகிதங்களைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். தலைவர் நடுவில் நிறுத்தித் தமிழில் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. முட்டை எங்க?"

"இன்னும் கிடைக்கல சார். பூச்சி நல்லா வளருது. தாய்ப்பூச்சி பைல முட்டை மாதிரி தெரியுது. ஆனா தண்ணில மிதக்கறது கிடைக்கல."

"அடுத்த வருஷம் கிடைக்கும்னு கேரண்டி உண்டா?"

"கேரண்டி எப்படி சார் குடுக்க முடியும்? கேரண்டி இருந்தா ஆராய்ச்சியே வேணாமே."

மற்ற இருவரில் ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. "நாங்களும் மேல பதில் சொல்லணும்மா," என்றார். அவரையும் முழுசாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் எரிச்சல் எரிச்சல்தான். நாங்கள் தை மாதம் முழுக்கப் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துத் தளம் கட்டுவோம். சித்திரையில் ஒரே ஒரு மழை பெய்தால் விளைந்த உப்பெல்லாம் கரைந்து போகும். அடுத்த நாளே மறுபடி மிதிப்போம். உப்பு விளையும் என்று எழுதிக் கொடு, அப்போதுதான் மிதிக்க விடுவேன் என்று எங்கள் மேஸ்திரி யாரையும் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்புக்காரன் எனக்குத் தெரிந்தது அந்தப் பெரிய படிப்பு படித்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

அப்போதுதான் மேடம் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்தார். வெளிநாட்டு முட்டை டின். ஆபீசிலேயே பூட்டி வைத்திருப்பார்களாம். அன்றைக்குக் காட்டுவதற்காக வாங்கி வந்திருந்தார். மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தலைவர் உள்ளங்கையில் போட்டார்.

"இது மாதிரிதான் சார் மிதக்கும். காத்து அடிக்கிற பக்கமா மூலையில ஒதுங்கும்."

நான் எட்டிப் பார்த்தேன். காப்பித்தூள் நிறத்தில், கேழ்வரகு மாவைவிடக் கொஞ்சம் நறநறவென்று. தண்ணீர் பட்டால் அது எப்படிப் பழுப்பாக ஏடு கட்டும், துணியில் எப்படி ஒட்டும், காய்ந்தால் நகக்கண்ணில் எப்படி நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்போதும் என் நகக்கண்ணில் அது இருந்தது.

வாயைத் திறந்தேன். நான்தான் அரசாங்கத்தின் ஆராய்ச்சியைத் தினமும் ஆறு மணிக்கு வாரி எறிந்தவன் என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டாலும் போகும். இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர்கள் கையைத் தட்டிவிட்டுக் காருக்குப் போய்விட்டார்கள். அந்தச் சிட்டிகை முட்டையும் என் வரப்பு மேல்தான் விழுந்தது.

கார் ரோட்டில் ஏறி இளநீர்க் கடையில் நிற்பது தெரிந்தது. ஓடினேன். வரப்பில் ஓடி, முள் மிதித்து, மூச்சு வாங்க அவர்கள் முன்னால் போய் நின்றேன். தலைவர் இளநீரிலிருந்து வாயை எடுத்து என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"இன்னாப்பா?"

"ஐயா... அது வந்துங்க..."

"நிவாரணமா? நாங்க அது இல்லப்பா. தாசில்தார் ஆபீஸ்ல போயி எழுதிக் குடு."

"இல்லீங்க... நொர..."

"போப்பா. மனு குடு, செய்வாங்க."

கார் போய்விட்டது. இளநீர்க்காரன் என்னைப் பார்த்து, "ஏம்பா, உன் வூடுதான் ஒண்ணும் ஆவலியே, உனக்கின்னாத்துக்கு நிவாரணம்?" என்றான்.

திரும்பி வந்தேன். மேடம் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் எதுவும் பேசாமல் வடமேற்கு மூலைக்குப் போய், வரப்பு மேல் காய்ந்து கிடந்ததில் ஒரு கட்டியைப் பெயர்த்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை விரலால் நசுக்கினார். வில்லையை எடுத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"நான் தெனம் வழிச்சி போடறதுங்க மேடம்."

"தினமுமா?"

"தெனமும்ங்க."

"எத்தனை மாசமா?"

"நீங்க பூச்சி வுட்டதுல இருந்து."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது. "ஆறு மாசம்ண்ணா! நான் டிகிரிய ஏத்தறேன், எறக்கறேன், புக்கு புக்கா படிக்கறேன். காலைல வந்து இன்னா செய்வீங்கன்னு உங்களை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்!"

"நோட்டுல அதுக்குக் கட்டம் இல்லீங்களே மேடம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான்.

காய்ந்த முட்டை கெடாது, வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும் என்று அவர் சொன்னார். ஆனால் மழை பட்டால் பொரித்துவிடும், பிறகு ஒன்றுக்கும் ஆகாது. மேற்கே அப்போதே கறுத்துக்கொண்டு வந்தது. என் மனைவியையும் மச்சானையும் கூப்பிட்டேன். நாலு பேரும் மத்தியானம் வரை வரப்பைச் சுரண்டி, மண்ணோடும் உப்போடும் சாக்கில் கட்டினோம்.

"முட்ட போடுமான்னு பாக்க காசு குடுத்தாங்களே, அந்த முட்டைய வாரிக் கொட்டனதுக்கும் காசு குடுத்துக்கறாங்க," என்றாள் என் மனைவி. "ரெண்டு வேலைக்கு ஒரே கூலி. நீ ஏமாந்துட்டய்யா."

"மாமா மேல தப்பில்ல," என்றான் மச்சான். "பூச்சி முட்ட போட்டுதா, இவரு வூட்ட பெருக்கிட்டாரு."

மேடம் ஒரு சிட்டிகையை உப்புக் குறைந்த தண்ணீரில் பாட்டிலில் போட்டு வெயிலில் வைத்தார். மறுநாள் பத்து மணிக்கு வந்தபோது அதைத் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினார். புள்ளி புள்ளியாக ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் தண்ணீரில் பிறந்த முட்டையிலிருந்து வந்தவை. என் மனைவி வெகுநேரம் பார்த்தாள். "உசுருதான்," என்று மட்டும் சொன்னாள்.

மேடம் எல்லாவற்றையும் எழுதிப் படத்தோடு அனுப்பினார். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடையோடு வரப்பில் வந்து நின்று எனக்குச் சொன்னார்.

"குழு அன்னிக்கே ரிப்போர்ட் குடுத்துட்டாங்களாம். நாம வரப்புல சுரண்டினது ஒத்துக்கிட்ட முறையில எடுத்தது இல்லையாம். கணக்குல வராதாம். ஆனா கால நீட்டிப்பு குடுத்திருக்காங்கண்ணா. முறையா எடுத்துக் காட்டறதுக்கு, ஆறு மாசம்."

"நல்லதுங்க மேடம்."

"காலத்த மட்டும்தான் நீட்டியிருக்காங்க. காசு இல்ல."

"எந்த ஆறு மாசம்ங்க?"

"அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும்."

நான் அளத்தைப் பார்த்தேன். தேக்கம், பாத்தி, வரப்பு எதுவும் தெரியவில்லை. கழுவெளி வரை ஒரே தண்ணீர். அதில் ஒரு கொக்கு நின்றது. உப்பளத்தில் முட்டை எடுத்துக் காட்ட அரசாங்கம் எங்களுக்கு மழைக்காலத்தைக் கொடுத்திருந்தது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட யாருக்கும் உப்பு எந்த மாதத்தில் விளைகிறது என்று தெரியாதா? தெரியாவிட்டால் சந்தைக்குப் போய் உப்பு விற்கிறவளைக் கேட்டிருக்கலாம். ஆனால் யாரும் யாரையும் கேட்காமல் இருந்ததுதானே இந்தக் கதை முழுக்க. இதைச் சொல்ல எனக்கும் உரிமை கிடையாது.

அந்த ஆண்டு மழை அளவுக்கு மேல் பெய்தது. நான் சென்னைக்குப் போனேன். அதே தெருமுனையில் நின்றேன். முதல் நாள் பத்து மணி வரை நின்றேன். இரண்டாம் நாள் என்னவோ, ஒரு மேஸ்திரி வந்தபோது முன்னால் போய், "நான் வர்றேங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கூட்டிக்கொண்டு போனார். மேடம் மார்கழியில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஒரு பள்ளியில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்துவிட்டதாகப் பொங்கலுக்குக் கடிதம் போட்டிருந்தார்.

தையில் தண்ணீர் வடிந்தது. மாசி முழுக்கப் பாத்தி மிதித்தோம். பங்குனியில் அந்தத் தேக்கத்தில் கடல் தண்ணீர் கட்டினோம். யாரும் எதையும் ஊற்றவில்லை. நீட்டிப்பு முடிந்த தேதி வந்தது, போயிற்று. அதற்குப் பத்து நாள் கழித்து, தண்ணீரில் அரிசி நீளத்துக்குச் செம்மண் நிறத்தில் மல்லாக்கப் படுத்து நீந்தின. சேற்றுக்கு அடியில் புதைந்து கிடந்த பழைய முட்டைகள்தான் பொரித்திருந்தன. சித்திரை முதல் வாரத்தில் ஒருநாள் காலை வடமேற்கு மூலையில் பழுப்பாக ஏடு கட்டியிருந்தது.

"இன்னாடா பாத்துக்னு நிக்கிற? வழிச்சி எறி," என்றார் மேஸ்திரி. அந்தத் தேக்கம் மறுபடி எங்களுடையதாகிவிட்டது. உப்பு வெளுப்பாக வேண்டும்.

வழித்தேன். வரப்பில் எறியாமல் துணியிலேயே வைத்து நிழலில் காயப்போட்டேன். நோட்டு என்னிடமே இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அளவுகோலை வைத்து ஆறாவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, மேலே "நுரை" என்று எழுதினேன். கீழே "இரண்டு கை" என்று எழுதினேன்.

காய்ந்ததில் ஒரு பிடியைப் பொட்டலம் கட்டி, நோட்டின் அந்தப் பக்கத்தையும் கிழித்து வைத்து, மேடத்தின் பள்ளி முகவரிக்கு அனுப்பத் தபாலாபீஸ் போனேன். கவுண்டரில் இருந்தவர் உறையை அமுக்கிப் பார்த்தார்.

"உள்ள இன்னா இருக்குது?"

"முட்டைங்க."

"முட்டையா? இப்பிடி அனுப்பனா ஒடஞ்சிடாது?"

எனக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒடையாதுங்க," என்றேன். "தண்ணி பட்டாத்தான் பொரியும். நனையாம மட்டும் பாத்துக்கங்க."

அவர் முத்திரை குத்தி உறையைப் பைக்குள் போட்டார். வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். மேகம் இல்லை. அளத்தில் மதகு திறந்து கிடந்தது நினைவுக்கு வந்தது. வேகமாக நடந்தேன்.